ஓசில சொல்லிக்குடுக்கப் போய் ஒண்ணரை லட்சம் விட்ட கதை

போன மாசம் நெய்வேலில எங்கூட வேலை பார்த்த ஒருத்தர் போன் பண்ணாரு. அவருக்கு அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட், சொந்த ஊரு தொண்டிப் பக்கம். "ஊருக்கு வந்து சும்மா உக்கார மாட்டேன், பசங்களுக்கு ஓசில வெல்டிங் சொல்லிக்குடுக்கப் போறேன்"னு ரொம்ப சந்தோசமாச் சொன்னாரு. நான் உடனே நல்லதுன்னு சொல்லல. ஊர்ல எத்தன வெல்டிங் பட்டறை இருக்கு, அவுங்ககிட்ட பேசிட்டீங்களான்னு கேட்டேன். மனுசனுக்கு சுருக்குன்னு ஆயிருச்சு, குரல்லயே தெரிஞ்சுச்சு. அப்புறம் ஒண்ணரை மணி நேரம் என் கதையச் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு "இத எழுதி வைங்க, நாலு பேருக்கு ஆகும்"னாரு. எழுத்து நமக்கு வராது, பேசுற மாதிரியே போடுறேன், முன்ன பின்ன இருந்தா பொறுத்துக்கங்க.

நான் நெய்வேலி என்எல்சி நிலக்கரிச் சுரங்கத்துல டோசர், டம்பர் ரிப்பேர் பாக்குற ஒர்க்‌ஷாப்புல 34 வருஷம் டீசல் மெக்கானிக். சொந்த ஊரு மண்டபம். அப்பா கடல் தொழில், நான் 26 வயசுல வேலை கெடச்சுக் கெளம்பினவன், அதுக்கப்புறம் லீவுக்கு வர்றதோட சரி. 2022-ல ரிட்டயர் ஆகி அடுத்த வருஷம் பழைய வீட்ட சரி பண்ணிட்டு நானும் வீட்டம்மாவும் வந்து சேந்தோம். பாம்பன் பழைய பாலத்துல ரயில் போறத நிறுத்தி வச்சிருந்த நேரம் அது. ராமேஸ்வரம் போற வண்டியெல்லாம் ராமநாதபுரத்தோடயோ எங்க ஸ்டேஷனோடயோ நின்னு திரும்பிரும். சாயந்தரம் ஸ்டேஷன் பெஞ்சுல ரிட்டயர்டு ஆளுக நாலஞ்சு பேர் உக்காந்திருப்போம், "நம்மளும் மண்டபத்தோட நிக்கிற வண்டிதான்ப்பா"ன்னு ஒரு வாத்தியார் சொல்லிச் சிரிப்பாரு. எனக்கு அந்த ஜோக்கு பிடிக்கல. கை நல்லாத்தான இருக்கு, கண்ணு தெரியுதுல்ல, எதுக்கு நிக்கணும்னு ஒரு ரோசம். உண்மையச் சொன்னா இது சேவை மனப்பான்மைல மட்டும் ஆரம்பிச்சது இல்ல. ஒர்க்‌ஷாப்புல என்னச் சுத்தி எப்பவும் நாலு ஜூனியர் பசங்க நின்னு கேப்பாங்க, அது இல்லாம ஒரு வருஷம் இருந்ததுல உள்ளுக்குள்ள ஒரு ஏக்கம். இத முதல்லயே ஒத்துக்கிட்டிருந்தா பாதிப் பிரச்சனை வந்திருக்காது.

விசைப்படகுல இருக்கிறது நெறைய லாரில வர்ற லேலண்ட் இன்ஜின்தான், அத மரைனுக்கு மாத்திப் போட்டுருப்பாங்க. அத நான் கண்ண மூடிக்கிட்டுப் பிரிப்பேன். ஜெட்டி, அதான் போட்டு கட்டுற துறை, அந்தப் பக்கம் பாத்தா பத்தாவது, பன்னெண்டாவது முடிச்ச பசங்க செல்போனும் கையுமா திரியுறாங்க. சரி, ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், போட்டெல்லாம் கரையில, பசங்களும் சும்மா, அப்ப ஆரம்பிச்சா சரியா இருக்கும்னு கணக்குப் போட்டேன். என்னா அறிவாளித்தனம்னு நெனச்சேன் அப்ப. வீட்டுல மட்டும் ஒரு வார்த்த சொன்னாக, "ஊர்ல ஏற்கனவே மெக்கானிக் இருக்காகள்ல, அவுகள ஒரு எட்டுப் பாத்துட்டு ஆரம்பிங்க"ன்னு. நான் என்ன சொன்னேன் தெரியுமா, "நான் காசா வாங்கப் போறேன், அவுங்களுக்கு என்ன போட்டி"ன்னு. இந்த வாக்கியத்துக்குத்தான் பின்னாடி பில்லு வந்துச்சு.

2024 மார்ச்சுல ரோட்டு மேல ஒரு ஷெட்டு பிடிச்சேன், மாசம் 2,500. பிரிச்சுக் காட்ட ஒரு பழைய இன்ஜின் வேணும்ல, காயலான் கடையில 38,000 குடுத்து எடுத்தேன், அது 30-க்கு மேல பெறாதுன்னு அப்புறம் தெரிஞ்சவங்க சொன்னாங்க. போல்ட்ட அளவு பாத்து டைட் பண்ற டார்க் ரெஞ்சு, சாக்கெட் செட்டு, ஃபீலர் கேஜ், பிஸ்டன் ரிங் கம்ப்ரஸர் எல்லாம் சேத்து 21,600. பிஎஃப் ஆபீஸ்லேர்ந்து வர்ற ஈபிஎஸ் பென்ஷன் எனக்கு மாசம் 4,000 கூட வராது, ஜீவனமே சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்துல போட்ட பணத்துக்கு மூணு மாசத்துக்கு ஒருக்கா வர்ற வட்டில. இந்தச் செலவெல்லாம் வட்டியத் தாண்டி கையிருப்புலேர்ந்து போச்சு. இங்க ஒண்ணு சொல்லிடறேன், ஆசைக்குச் செய்யுற காரியத்துக்கு வட்டிலேர்ந்து ஒரு தொகைய வீட்டம்மா முன்னாடி எழுதி வச்சுக்கிட்டு அதத் தாண்டாம இருங்க. மொதல் மூணு மாசம் ஒத்த பைசா செலவில்லாம, ஏற்கனவே இருக்கிற பட்டறையிலயோ ஐடிஐ-லயோ போய் நின்னு பாருங்க. ராமநாதபுரத்துலயும் பரமக்குடிலயும் கவர்மென்ட் ஐடிஐ இருக்கு, பிரின்சிபாலப் பாத்து வாரத்துக்கு ஒரு நாள் பசங்களுக்கு அனுபவப் பாடம் எடுக்கவான்னு கேட்டிருக்கலாம். எனக்கு அது தோணவே இல்ல, நம்ம பேர்ல ஒரு ஷெட்டு வேணும்னு இருந்துச்சு.

மொதல் மூணு வாரம் நெஜமாவே நல்லா இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. பதினோரு பசங்க வந்தாங்க. "நெய்வேலி சார்"னு பேரு வச்சுட்டாங்க. டீசல் லைன்ல காத்துப் பிடிச்சா என்ன பண்றதுன்னு காட்டினேன், ஃபில்டர் மேல இருக்கிற ப்ளீடு ஸ்க்ரூவ லேசா லூஸ் பண்ணி, ஃபீடு பம்ப்ப கையால அடிச்சு, நொரையா வர்ற டீசல் நொரையில்லாம வர்ற வரைக்கும் அடிச்சு, அப்புறம் டைட்டு. இன்ஜின் படக்குன்னு ஸ்டார்ட் ஆனப்ப ஒரு பையன் "சார், இதுக்காகத்தான் எங்கப்பா ஒரு ராத்திரி முழுக்க நடுக்கடல்ல கெடந்தாரு"ன்னான். எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. கறுப்புப் புகை, வெள்ளப் புகை, நீலப் புகை எதுக்கு எது வரும், சிலிண்டர் ஹெட்டு போல்ட்ட நடுவுலேர்ந்து வெளிய வெளிய போய் மூணு தடவையா ஏன் டைட் பண்ணணும், இதெல்லாம் பசங்க வாய் பொளந்து கேட்டாங்க. அந்த மயக்கம் இருக்கே, அது ரொம்ப மோசமான சரக்கு.

அப்புறம் ஒரு சம்மாட்டி, அதான் போட்டு ஓனர், வந்தாரு. "சார், பசங்க கத்துக்கிறதுக்கு என் போட்டையே எடுத்துக்கங்க, டாப் ஓவரால் பண்ணிக் குடுங்க, சாமான் செலவு நான் பாத்துக்கிறேன்"னாரு. எனக்கு ஒரே சந்தோசம், நெஜ இன்ஜின் கெடச்சிருச்சேன்னு. அடுத்த வாரம் இன்னொருத்தர், அதுக்கடுத்து ரெண்டு பேர். மே மாசம் நடுவுல பாத்தா நாங்க வகுப்பு எடுக்கல, கூலியில்லாத பட்டறை நடத்திக்கிட்டிருக்கோம். அவரு கத்துக்குடுக்கவா போட்டக் குடுத்தாரு, லேபர் மிச்சம்னு குடுத்தாரு. பசங்களும் முணுமுணுக்க ஆரம்பிச்சுட்டாங்க, டீ பன்னுக்கு நாள் பூரா வேலையான்னு. ஏழு பேரா கொறஞ்சுச்சு. ஓசின்னு சொன்னா மரியாதை கூடும்னு நெனச்சேன், அது நேரத்துக்கு மதிப்பு இல்லாமப் பண்ணிருச்சு, எனக்கும் பசங்களுக்கும்.

ஜெட்டில 20 வருஷமா தொழில் பண்ற ஒரு மெக்கானிக் தம்பி இருக்காரு, பேர் வேணாம். எதிர்ல வந்தா "என்னண்ணே"ன்னு கேக்குறவரு, அந்த மாசத்துலேர்ந்து மூஞ்சிய திருப்பிக்கிட்டுப் போறாரு. படிப்பில்லாதவரு, நம்ம டெக்னிக்கப் பாத்துப் பொறாமைன்னு நெனச்சுக்கிட்டேன். எவ்வளவு கேவலமான நெனப்பு பாருங்க.

மே கடைசில ஒரு பையனுக்கு விரல் மாட்டுச்சு. இன்ஜின் ஓடும்போது பெல்ட்டுப் பக்கம் துணியக் கொண்டு போயிருக்கான், துணிய இழுத்து விரலும் சேந்து போச்சு. நல்லவேளை நுனி மட்டும், தையல் போட்டாங்க, 7,400 ஆச்சு, நான்தான் கட்டினேன். அவங்க அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவுல என்னப் பாத்து ஒண்ணுமே சொல்லல, அதுதான் தாங்க முடியல. அப்பத்தான் யோசிக்கிறேன், ஒரு பையன்கிட்டயாவது எழுதி வாங்கினோமா, வயசு பாத்தோமா? ரெண்டு பேருக்கு 17 வயசு. இன்ஜின் ஓடுற எடத்துல 18 ஆகாத பசங்கள நிறுத்தவே கூடாது, நிறுத்தினா நாளைக்கு சட்டமும் நம்ம கழுத்தத்தான் பிடிக்கும். 18 ஆன பசங்கன்னா மொத நாளே பேங்குக்குக் கூட்டிட்டுப் போய் பிரதமர் சுரக்‌ஷா பீமா போட வைங்க, வருஷத்துக்கு 20 ரூபாதான் அக்கவுண்டுலேர்ந்து எடுப்பாங்க, 70 வயசு வரைக்கும் உண்டு, நம்மளும் போட்டுக்கலாம். ஆனா அது உயிர் போனாலோ ஊனம் ஆனாலோதான், தையல் போட்ட பில்லுக்கு வராது. அதனால ஓடுற இன்ஜின்கிட்ட ஒரு நேரத்துக்கு ஒரு பையன், லுங்கியும் தொங்குற துணியும் கூடாது, இதுல தாட்சண்யமே பாக்காதீங்க.

இப்ப மெயின் கதைக்கு வர்றேன். ஜூன் முதல் வாரம் அந்த மொத சம்மாட்டி போட்ட கடல்ல எறக்கி ட்ரையல் பாத்தோம். இன்ஜின் கும்முனு ஓடுது. கீழ குனிஞ்சு பாத்தா புரொப்பல்லர் சாஃப்ட் வெளிய போற எடத்துல, சாஃப்ட்டச் சுத்திப் பேக்கிங் கயிறு வச்சு நட்டுப் போட்டு இறுக்கியிருக்கிற கிளாண்டுலேர்ந்து தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கு. 34 வருஷம் சுரங்கத்துல ஒழுகல்னா என்ன பண்ணுவோம், நிறுத்துவோம். பசங்களக் கூப்பிட்டுக் காட்டினேன், "பாருங்கடா, இதத்தான் ஊர்ல யாரும் கவனிக்கிறதில்ல"ன்னு வேற சொல்லி, கிளாண்டு நட்டு ரெண்டையும் ஒரே அளவாத் திருகச் சொல்லி, சொட்டு நிக்கிற வரைக்கும் டைட் வச்சேன். பத்து நிமிஷம் ஐடில்ல ஓட்டிப் பாத்தோம், சுத்தமா காஞ்சு கெடந்துச்சு. பசங்க கை தட்டுனாங்க. கிளாண்டப் பத்தி ஒரு ஆளக் கேப்போம்னு எனக்குத் தோணல, பாருங்க.

தடைக்காலம் முடிஞ்சு கடலுக்குப் போக மொத டோக்கன். அந்த நாள் கரையோரத்து ஆளுகளுக்குத் தெரியும், ரெண்டு மாசம் வலை படாத கடல், எறா நல்லாப் படும், வருஷத்துலயே பெரிய பாடு அப்பத்தான். கடனை வாங்கி டீசல் போட்டு ஐஸ் ஏத்தி எல்லாரும் போவாங்க. ராத்திரி ரெண்டேகாலுக்கு எனக்குப் போன். சம்மாட்டி மகன். "சார், கிளாண்டுல பொகை வருது, கருகுற வாடை, அப்பா இன்ஜின ஆஃப் பண்ணிட்டாரு, இப்ப தண்ணி உள்ள வருதாம்." பேக்கிங் கயிறு எரிஞ்சு, சாஃப்ட்டுல கோடு விழுந்து, டைட்டா இருந்த எடம் இப்ப ஓட்டையா ஆயிருச்சு. உள்ள ஆறு பேரு. நான் வாசல்ல நின்னு வடகடலப் பாத்துக்கிட்டு நிக்கிறேன், இருட்டுத்தான், ஒண்ணும் தெரியல, என்ன தெரியப் போகுது. தண்ணிய எறச்சுக்கிட்டே இருந்திருக்காங்க, இன்னொரு போட்டு கயிறு போட்டு இழுத்துட்டு வந்துச்சு. காலைல ஒம்பது மணிக்கு கரைக்கு வந்தாங்க, ஆறு பேரும் நல்லபடியா. அது வரைக்கும் நான் ஒரு வாய் தண்ணி குடிக்கல.

சாஃப்ட்டக் கழட்டி லேத்துல குடுத்தது, புது பேக்கிங், கட்டி இழுத்த போட்டுக்கு டீசல் எல்லாம் சேத்து 31,000. அப்புறம் பாடு போச்சே, வியாபாரிகிட்ட அட்வான்ஸ் வாங்கிட்டேனேன்னு சம்மாட்டி போட்டுக்காரங்க சங்கத்துல சொல்லிட்டாரு. நான் ஓசிலதான பாத்துக் குடுத்தேன்னு பேச வாயெடுத்தேன், ஒரு பெரியவர், "ஓசின்னாலும் கை வச்சது நீங்கதானப்பா"ன்னாரு. அதுக்கு மேல என்ன பேசுறது. 45,000-ன்னு முடிஞ்சுச்சு. ஷெட்டு வாடகை அஞ்சு மாசம் 12,500, டீ, ஆயில், டீசல்னு 9,000, முன்னாடி சொன்னதெல்லாம் கூட்டினா 1 லட்சத்து 64 ஆயிரத்து 500. வீட்டுல ஒரு வார்த்த திட்டல. ஒரு நோட்டுல வரிசையா எழுதி, கீழ கோடு போட்டு, என் தலகாணி பக்கத்துல வச்சுட்டுப் போயிட்டாக. திட்டியிருந்தாக் கூட ஆறியிருக்கும்.

ரெண்டு வாரம் நான் கடற்கரைப் பக்கமே போகல. ஸ்டேஷன் பெஞ்சுக்கும் போகல. பதினஞ்சாவது நாள் விடியக்காலைல எழுந்து நேரா அந்த மெக்கானிக் தம்பி பட்டறைக்குப் போனேன். அவரு ஒரு இன்ஜெக்டரத் தொடச்சுக்கிட்டு இருந்தாரு, நிமுந்து பாக்கல. நான் நின்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு அவரே, "வாங்கண்ணே, ஒரு எடத்துக்குப் போவோம்"னு ஜெட்டில நின்ன ஒரு போட்டுக்குக் கூட்டிட்டுப் போய் இன்ஜின ஸ்டார்ட் பண்ணாரு. குனிய வச்சு என் கையப் பிடிச்சு கிளாண்டு மேல வச்சாரு. இளஞ்சூடு, அவ்வளவுதான். பக்கத்துல சொட்டு, கொஞ்சம் விட்டு இன்னொரு சொட்டு. "சொட்டணும் அண்ணே. அந்தத் தண்ணிதான் கயித்தையும் சாஃப்ட்டையும் ஆத்துது. ஓடும்போது சொட்டலன்னாத்தான் பயப்படணும். நிறுத்துனதும் கிட்டத்தட்ட நிக்கணும், நிக்காம ஓடுனா அப்ப ஒரு கால் திருகு திருகிட்டு, கைய வச்சு சூடு பாக்கணும்." எட்டாங்கிளாஸ் படிச்ச மனுசன். சுரங்கத்து வண்டில இப்படி ஒண்ணு கெடையாது, எனக்குத் தெரிய வாய்ப்பில்ல, ஆனா தெரியாதுன்னு எனக்குத் தெரியலயே, அதுதான் என் தப்பு.

திரும்பி வரும்போதுதான் அவரு மனசுல இருந்தது வந்துச்சு. போட்டு கடலுக்குப் போற நாள்ல மெக்கானிக்குக்கு அவசர ரிப்பேர் மட்டுந்தான், சில்லறை. வருஷத்து வேலை மொத்தமும் அந்த 61 நாள்ல. பொண்ணு காலேஜ் ஃபீஸு, வீட்டு வாடகைக் கடன், எல்லாம் அதுல கழியும். 2023 ஆகஸ்ட்ல எங்க மண்டபத்துல நடந்த மீனவர் மாநாட்டுலதான் தடைக்கால நிவாரணத்த 5,000-லேர்ந்து 8,000 ஆக்குறதா முதலமைச்சர் அறிவிச்சாரு, அது மீனவக் குடும்பத்துக்கு. இவருக்கு அந்தக் கார்டு கெடையாது. நாலு போட்டு வேலைய நான் ஓசில பாத்துட்டேன், நாலுமே அவரு வருஷா வருஷம் பாக்குற போட்டு. "நீங்க நல்லதுதான் நெனச்சியண்ணே, ஆனா எங்க வீட்டுல அந்த மாசம் சீட்டுக் கட்டல"ன்னாரு. கோவமாச் சொல்லியிருந்தா நான் பதில் பேசியிருப்பேன்.

அதனால ஊருக்குத் திரும்பி வந்து சொல்லிக்குடுக்க ஆசப்படுற நம்ம ஆளுக்கெல்லாம் நான் சொல்றது, மொதல்ல அந்தத் தொழில் பண்றவுங்ககிட்ட ஒரு மாசம் உதவியாளா நில்லுங்க, நம்ம சர்வீஸு எத்தன வருஷம்ங்கிறத மறந்துட்டு. நிக்கும்போதே தெரிஞ்சிரும், அவுங்ககிட்ட இல்லாதது என்ன, நம்மகிட்ட இருக்கிறது என்னன்னு. அந்தத் தம்பிக்கு டார்க் ரெஞ்சு பழக்கமில்ல, கை அழுத்தத்துலயே டைட் பண்ணுவாரு, ஹெட் கேஸ்கெட் அடிக்கடி போகும். மேனுவல் இங்கிலீஷ்ல இருக்கும், படிக்க முடியாது. சாமான் போட்ட கணக்கு எழுதுறதில்ல, பாதிப் பேரு காசு தராம ஏமாத்திடுவாங்க. இதெல்லாம் நான் பண்ணலாம், யாரு வயித்துலயும் அடிக்காம. இன்னொண்ணு, இப்படிக் கைவேலை தெரிஞ்சும் சர்டிபிகேட் இல்லாதவுங்களுக்கு ஆர்பிஎல்-னு ஒண்ணு இருக்கு, ஏற்கனவே தெரிஞ்ச வேலையச் சோதிச்சு மத்திய அரசு திறன் திட்டத்துல சான்று குடுப்பாங்க. அதுக்கு விசாரிச்சு, ஃபார்ம் நிரப்பி அலையுறதுக்கு அவுங்களுக்கு நேரமிருக்காது, நமக்கு இருக்கு.

இப்ப ஏற்பாடு இதுதான். ஷெட்ட விட்டாச்சு. காயலான் இன்ஜின் அவரு பட்டறைக்குப் போயிருச்சு. ஞாயித்துக்கெழமை காலைல மட்டும் வகுப்பு, அஞ்சு பையங்க, எல்லாரும் 18 தாண்டினவங்க, ஆளுக்கு வாரம் 100 ரூபா, அது முழுக்க அவருக்கு. காசு குடுத்துக் கத்துக்கிறவன் லேட்டா வர்றதில்ல, இத நான் எதிர்பாக்கல. சம்மாட்டி போட்ட தொடுறதுன்னா அது அவரு வேலை, அவரு பில்லு, பசங்க கூட நின்னு பாக்கலாம், செஞ்சா அவரு கூலி தருவாரு. ஒரே ஒரு பக்கத்துல தமிழ்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கோம், எதுக்கு யாரு பொறுப்புன்னு. சொந்தக்காரன் மாதிரி ஆயிட்டோம், எதுக்கு எழுத்துன்னு அவரு கேட்டாரு, அதனாலதான் எழுதுவோம்னேன். நான் மேனுவலத் தமிழ்ல எழுதித் தர்றேன், நோட்டுல கணக்கு எழுதுறேன், பத்தரைக்கு வீட்டுக்கு வந்திருவேன். வீட்டுல அது ஒரு கண்டிசன்.

போன தடைக்காலத்துக்கு அவரு 14 போட்டு பாத்தாரு, ரெண்டு பையங்க கூலிக்கு நின்னாங்க. விரல் தையல் போட்ட பையன் அதுல ஒருத்தன், அவங்க அம்மா இப்ப கடைத்தெருவுல பாத்தா தலையாட்டுறாங்க. அந்த சம்மாட்டி மட்டும் இன்னும் எங்கூடப் பேசுறதில்ல, ரோட்டுல எதிர்ல வந்தா அந்தப் பக்கம் போயிருவாரு. டார்க் ரெஞ்சு மெக்கானிக் தம்பிகிட்டயேதான் கெடக்கு, அவரும் தரல, நானும் கேக்கல.